வெறுங்கையோடு வீடு திரும்பும் பிள்ளைகள்

சிறுவர்களுக்கான மாயாஜால நாவல்களை இந்த வயதிலும் விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன், அதில் எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது. ஆனால் ஒரு விஷயம் வரவர எரிச்சலூட்டுகிறது. கடைசி அத்தியாயம். கதை முழுக்க டிராகனோடு பேசி, கரடி ராஜாவோடு சிநேகம் பிடித்து, பெரியவர்களால் முடியாத போரை முடித்துக் கொடுத்த பிள்ளைகளை, கடைசி நாலு பக்கத்தில் "சரி, போதும், வீட்டுக்குக் கிளம்புங்கள்" என்று வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். நான் அம்புலிமாமா படித்து வளர்ந்தவள். அதில் ஏழு கடல் தாண்டிப் போன இளைய ராஜகுமாரன் திரும்பும்போது கூடவே ஒரு ராஜகுமாரி வருவாள், சமயத்தில் பாதி ராஜ்ஜியமும் சேர்ந்து வரும், ஒன்றுமில்லாவிட்டாலும் பேசுகிற கிளியாவது தோளில் இருக்கும். போனவன் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தான் என்று ஒரு கதை முடிந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அந்தப் பழக்கத்தோடு ஆங்கில நாவல்களுக்குள் போனதால்தானோ என்னவோ, இந்தக் கதவடைப்பு எனக்கு உறைத்துக்கொண்டே இருக்கிறது.

இதில் முதல் குற்றவாளி சி.எஸ். லூயிஸ். 1950இல் வந்த முதல் நார்னியா புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போர்க்காலத்தில் லண்டனை விட்டு ஒரு பேராசிரியரின் பழைய வீட்டுக்கு அனுப்பப்பட்ட நாலு பிள்ளைகள் ஒரு துணி அலமாரிக்குள் புகுந்து நார்னியா என்ற பனி மூடிய இன்னொரு உலகத்துக்குப் போகிறார்கள், சூனியக்காரியை வெல்கிறார்கள், ராஜாவும் ராணியுமாக முடிசூட்டிக்கொண்டு வருடக்கணக்கில் ஆண்டு பெரியவர்களாகவே ஆகிவிடுகிறார்கள். அப்புறம் ஒருநாள் வெள்ளைக் கலைமானைத் துரத்திக்கொண்டு போய், ஒரு விளக்குக் கம்பத்தைப் பார்த்து, மரங்களுக்குள் நுழைந்தால், தொப்பென்று அலமாரிக்கு வெளியே வந்து விழுகிறார்கள். மறுபடியும் சின்னப் பிள்ளைகள். இங்கே அதே நாள், அதே நேரம். இதை லூயிஸ் ஏதோ விளையாட்டு முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடிவந்த மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு முதுகு சில்லிட்டது. நாடாண்ட ஒரு பெண்ணை, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை, பள்ளிக்கூடப் பிள்ளையின் உடம்புக்குள் திருப்பி அடைத்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? வேடிக்கை என்னவென்றால் அவர்கள் கொண்டுவந்தது எதுவுமில்லை என்பது மட்டுமல்ல, போகும்போது குளிருக்காக அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்ட நாலு ரோமக் கோட்டுகளையும் அங்கேயே விட்டுவிட்டு வந்து, அதற்காகப் பேராசிரியரிடம் விளக்கம் வேறு சொல்லவேண்டியிருக்கிறது. ராஜ்ஜியமும் போச்சு, கோட்டும் போச்சு.

அடுத்தடுத்த புத்தகங்களில் இது இன்னும் மோசமாகிறது. ஒரு வருடம் கழித்து அவர்கள் நார்னியாவுக்குப் போனால் அங்கே பல நூற்றாண்டுகள் ஓடிவிட்டிருக்கின்றன, தாங்கள் ஆண்ட கோட்டை இடிந்து மரம் முளைத்துக் கிடப்பதைத் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள் (நார்னியா வரிசையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் இவைதான், லூயிஸ் எழுதத் தெரிந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை). அந்தப் பயணத்தின் முடிவில் நால்வரில் மூத்தவர்களான பீட்டரிடமும் சூசனிடமும் உங்களுக்கு வயதாகிவிட்டது, இனிமேல் வரமுடியாது என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்கடுத்த புத்தகத்தில் எட்மண்டுக்கும் லூசிக்கும் அதே தீர்ப்பு. 1956இல் வந்த கடைசிப் புத்தகத்தில் ஒரு ரயில் விபத்து மற்ற மூவரையும் நிரந்தரமாக அந்த உலகத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது, சூசன் மட்டும் இல்லை. ஏனென்று கேட்டால், அவள் இப்போது நார்னியாவின் தோழி இல்லையாம், நைலான் காலுறை, லிப்ஸ்டிக், விருந்து அழைப்பு இவற்றில்தான் அவளுக்கு நாட்டமாம். அதே விபத்தில் அம்மா அப்பாவும் போய்விட்டார்கள். ஆக, அண்ணன் தம்பி தங்கை பெற்றோர் எல்லோரையும் ஒரே நாளில் இழந்த ஒரு இளம்பெண்ணை இங்கிலாந்தில் தனியாக நிற்க வைத்துவிட்டு, கதை சந்தோஷமாக முடிந்துவிட்டது என்கிறார் ஆசிரியர். ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில், அவளுக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கிறது, அவள் வழியில் அவள் வந்து சேரக்கூடும் என்று லூயிஸ் பின்னால் எழுதினார். நல்லது. அதைப் புத்தகத்தில் எழுதியிருக்கலாம்.

இதையெல்லாம் என் அக்கா மகளிடம் புலம்பினேன். ஏழாம் வகுப்பு படிக்கிறாள், நார்னியா ஏழும் முடித்துவிட்டாள். அவளுக்கு என் கோபம் புரியவே இல்லை. "திரும்பி வரலேன்னா அவங்க அம்மா தேடுவாங்கல்ல சித்தி?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் நான் கோபப்படுவது திரும்பி வருவதற்காக இல்லை, வரும்போது கையில் ஒன்றும் கொடுத்தனுப்பாததற்காக. இதே லூயிஸ் அந்த வரிசையில் ஆறாவதாக, 1955இல் எழுதிய புத்தகத்தில் டிகோரி என்ற சிறுவன் நார்னியாவிலிருந்து ஒரு ஆப்பிளோடு திரும்புகிறான். சாகக் கிடக்கிற அம்மாவுக்கு அதைக் கொடுக்கிறான். அவள் பிழைக்கிறாள். அந்த ஆப்பிளின் விதையிலிருந்து வளர்ந்த மரம் காற்றில் விழுந்து, அந்த மரத்தில் செய்ததுதான் முதல் கதையில் வருகிற அலமாரி, அந்தப் பேராசிரியர்தான் வளர்ந்த டிகோரி. லூயிஸின் அம்மா புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு வயது ஒன்பது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த ஆப்பிள் வரும் அத்தியாயத்தைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போக முடிவதில்லை. வேண்டும் என்று நினைத்தபோது இந்த மனிதருக்கு ஒரு பிள்ளையைக் கை நிறைய அனுப்பத் தெரிந்திருக்கிறது.

திரும்பி வருவதை மிக நன்றாக எழுதியவர் என்று கேட்டால் நான் ஜெர்மன் எழுத்தாளர் மிஹாயேல் எண்டேயைச் சொல்வேன். 'முடிவில்லாத கதை' 1979இல் வந்தது. 1984இல் வந்த படத்தை மட்டும் பார்த்தவர்களுக்குக் கதையின் பின்பாதி தெரியாது, படம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. பாஸ்டியன் என்கிற குண்டுப் பையன் புத்தகத்தின் உலகத்துக்குள் போய்விட்ட பிறகு அவன் ஆசைப்படுவதெல்லாம் நடக்கிறது, ஆனால் ஒவ்வொரு ஆசைக்கும் அவனுடைய சொந்த ஞாபகம் ஒன்று கழன்று போகிறது. அழகாக வேண்டும் என்றால் தான் குண்டாக இருந்தது மறந்துபோகிறது. ஞாபகமெல்லாம் செலவழிந்து ஆசைப்படவும் முடியாமல் போனவர்கள் திரிகிற ஊர் ஒன்று வருகிறது, அந்த அத்தியாயம் படிக்கிறபோது எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. கடைசியில் தன் பெயரைக்கூட இழந்தவன் ஜீவத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அம்மா இறந்ததிலிருந்து பேச்சே இல்லாமல் உறைந்துபோயிருக்கிற அப்பாவுக்காகக் கொஞ்சத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஓடிவருகிறான். வழியில் எல்லாம் சிந்திவிடுகிறது. வெறுங்கைதான். ஆனால் நடந்ததை அவன் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அப்பாவின் கண்ணில் நீர் வருகிறது, கொண்டுவந்துவிட்டோம் என்று அவனுக்கு அப்போது தெரிகிறது. இதைவிடச் சுலபமாக மிகைப்படுத்தியிருக்கக்கூடிய ஒரு காட்சியை அவர் சில வரிகளில் முடித்துவிட்டார்.

இதற்கு நேர் எதிரில் நிற்பவர் சூசன் கூப்பர். 1965இல் தொடங்கி 1977இல் முடிந்த அவருடைய ஐந்து நாவல்களில் இரண்டாவதை மார்கழிக் குளிரில் போர்வைக்குள் சுருண்டு படிக்கவேண்டும். வில் என்கிற பையன் பதினோராவது பிறந்தநாளன்று காலை எழுந்து ஜன்னலைப் பார்த்தால் தேம்ஸ் பள்ளத்தாக்கே பனிக்காடாக மாறியிருக்கிறது, வீட்டில் யாரை எழுப்பினாலும் எழவில்லை, அந்த மாதிரி தொடக்கம் நான் அதிகம் படித்ததில்லை. அப்படிப்பட்டவர் ஐந்தாவது புத்தகத்தின் கடைசியில் என்ன செய்கிறார் தெரியுமா? உயிரைப் பணயம் வைத்து உலகத்தைக் காப்பாற்றிய பிள்ளைகளின் ஞாபகத்தை அழித்துவிடுகிறார். நாயகன் வில் ஒருவனுக்கு மட்டும் எல்லாம் நினைவிருக்கும், மற்றவர்களுக்குக் கனவில் எப்போதாவது நிழல் தட்டலாம், அவ்வளவுதான். நீங்கள் சுதந்திரமாக வாழவேண்டும் என்பதற்காக, உங்கள் நன்மைக்காக, என்று ஒரு விளக்கம் வேறு. உங்கள் நன்மைக்காக என்று பெரியவர்கள் சொன்னால் பிள்ளைகள் உஷாராகிவிடவேண்டும். ஜேன் என்கிற பெண் அந்த வரிசையில் எவ்வளவு பொறுமையாக, எவ்வளவு தைரியமாக வளர்ந்து வந்தாள், அந்த வளர்ச்சியை நாங்கள் வாசகர்கள் மட்டும் வைத்துக்கொள்ள, அவளுக்கு ஒன்றும் கிடையாது என்றால் அது திருட்டு. புத்தகத்தை மூடி மேசைமேல் கொஞ்சம் பலமாகவே வைத்தேன்.

இந்த இடத்தில் டயானா வின் ஜோன்ஸைக் கொண்டுவராமல் இருக்க முடியாது. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும்போது லூயிஸ், டோல்கீன் இருவரின் வகுப்புகளிலும் உட்கார்ந்தவர், ஆனால் அவர்களைப் போல எழுதவேண்டும் என்ற எண்ணமே இல்லாதவர். 1985இல் வந்த 'ஃபயர் அண்ட் ஹெம்லாக்' நாவலில் பாலி என்கிற பத்தொன்பது வயதுப் பெண் கல்லூரி விடுதிக்குக் கிளம்புவதற்காகச் சாமான் கட்டிக்கொண்டிருக்கும்போது, தனக்கு இரண்டு செட் ஞாபகங்கள் இருப்பதைக் கவனிக்கிறாள். ஒன்று சாதாரணமானது, சப்பென்றது. இன்னொன்றை யாரோ அழித்து அதன்மேல் இதைப் பூசியிருக்கிறார்கள். பத்து வயதில் தெரியாத வீட்டுச் சாவுக்குள் தவறி நுழைந்தது, அங்கே சந்தித்த செல்லோ வாசிப்பவர், அவர் ஊர் ஊராகப் போய் அங்கிருந்தெல்லாம் அனுப்பிய புத்தகப் பொட்டலங்கள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்கிறாள். கூப்பர் அழித்த ஜேனின் ஞாபகத்தை ஜோன்ஸ் இன்னொரு பெண்ணை வைத்து மீட்டுக் கொடுத்தார் என்றே நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் அப்படி நினைத்து எழுதினார் என்று சொல்லவில்லை, எனக்கு அப்படி வைத்துக்கொண்டால் நிம்மதி.

ஹௌல் என்கிற மந்திரவாதியை வைத்து அவர் எழுதிய கதையில் (1986) கதவே வேறு விதம். கைப்பிடியை ஒவ்வொரு நிறத்துக்குத் திருப்பினால் ஒவ்வொரு ஊர் திறக்கும், கறுப்புப் பக்கம் திருப்பினால் நம்முடைய உலகம், வேல்ஸ் நாட்டில் ஒரு சாதாரண வீடு. அங்கே அந்தப் பெரிய மந்திரவாதியை அவன் அக்கா, உருப்படியாக ஒரு வேலைக்குப் போகத் துப்பில்லை என்று வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். கார், டி.வி. இதெல்லாம்தான் நாயகி சோஃபிக்கு மாயாஜாலமாகத் தெரிகிறது. இதை வைத்து ஜப்பானிய இயக்குநர் மியாசாகி எடுத்த படத்தில் இந்த வேல்ஸ் பகுதி கிடையாது, எனக்கு அது பெரிய குறை. இந்தக் கதையில் யாரையும் யாரும் வெளியேற்றுவதில்லை, கதவு கடைசிவரைக்கும் கதவாகவே இருக்கிறது.

பிலிப் புல்மேன் விஷயத்தில் எனக்கே ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அவருடைய 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' வரிசையின் மூன்றாவது புத்தகம் 2000இல் வந்தது, பிரிட்டனின் விட்பிரெட் இலக்கிய விருதுகளில் ஆண்டின் சிறந்த புத்தகமாகத் தேர்வான முதல் சிறுவர் நூல் அதுதான். அதன் முடிவுக்கு அழாதவர்களை நான் பார்த்ததில்லை. லைராவும் வில்லும் வேறு வேறு உலகத்துப் பிள்ளைகள். உலகங்களுக்கு இடையில் வெட்டிய ஜன்னல்களை எல்லாம் மூடவேண்டும், இறந்தவர்கள் வெளியேற ஒன்றே ஒன்று மட்டும் திறந்திருக்கலாம், அடுத்தவர் உலகத்தில் தங்கினால் சில வருடங்களில் உடம்பு நலிந்து சாவு. ஒவ்வொரு வழியாக அவர்கள் யோசிக்க யோசிக்க ஒவ்வொரு வழியாக ஆசிரியர் அடைத்துக்கொண்டே வருவார், படிக்கும்போது அந்த மனிதர்மேல் எனக்கு வெறுப்பே வந்தது. கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் பூங்காவில் ஒரு பெஞ்சு, கோடை நடுநாளில் வருடத்துக்கு ஒருமுறை அவரவர் உலகத்தில் அதே பெஞ்சில் வந்து உட்காருவது, அவ்வளவுதான் அவர்களுக்கு மிச்சம். அந்தப் பூங்கா நிஜமானது, அந்தப் பெஞ்சில் வாசகர்கள் போய் இரண்டு பேர் பெயரையும் கீறிவைத்திருக்கிறார்கள்.

அழுகையைத் தாண்டி எனக்குள் தங்கியது வேறு ஒரு சின்ன விஷயம். உண்மையைச் சொல்லும் ஒரு கருவி லைராவிடம் இருக்கிறது, முள்ளும் படங்களும் கொண்டது. படிக்காமலே, பாடுகிற பிள்ளைக்குச் சுருதி தானாகச் சேர்வது மாதிரி, அவளுக்கு அதைப் பார்த்ததும் புரிந்துவிடும். கதை முடியும்போது அந்த வரம் போய்விடுகிறது. முள் சுற்றுகிறது, ஒன்றும் புரியவில்லை. அப்போது ஒரு தேவதை அவளிடம் சொல்வதன் சாரம் இது: உனக்கு அது அருளால் வந்தது, இனி உழைத்துத் திரும்பப் பெறலாம், ஆயுள் முழுக்க ஆகும், ஆனால் அப்படி வருவது முன்னைவிட ஆழமாக இருக்கும். லைரா பள்ளிக்கூடம் போக ஒத்துக்கொள்கிறாள். இது வெறுங்கையா இல்லையா? நான் இந்தக் கேள்வியில் பல வருடமாக ஊசலாடுகிறேன். 2019இல் வந்த தொடர்ச்சியில் இருபது வயது லைரா விலங்கு உருவில் கூடவே இருக்கும் தன் ஆன்மாவான டீமனோடு பேச்சுவார்த்தை முறிந்து, காய்ந்துபோன ஆளாக வருவதைப் பார்த்தால் புல்மேனுக்கே அந்தச் சமாதானம் போதவில்லை என்று தோன்றுகிறது.

ஆனால் இந்த விஷயத்தில் யாரும் தொடாத இடத்தைத் தொட்டவர் உர்சுலா லெ குவின். எர்த்ஸீ என்ற தீவுகளின் உலகத்தில் நடக்கும் அவருடைய கதைகள் 1968இல் தொடங்கின. முதலில் ஒரு சிறு செய்தி, ஏனென்றால் அது எனக்கு முக்கியம்: அதன் நாயகன் கெட் செம்பழுப்புத் தோல் கொண்டவன், அவன் உயிர் நண்பன் கறுப்பன், கொள்ளையடிக்க வருகிற கார்க் தேசத்தார்தான் வெள்ளையர்கள். இதை அவர் எங்கேயும் கொட்டு அடித்துச் சொல்லவில்லை, போகிற போக்கில் ஒரு வரி. வெள்ளைக்காரப் பிள்ளைகளாகவே மாயாஜாலம் செய்து பார்த்துப் பழகிய எனக்கு அந்த ஒரு வரியில் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் கெட்டுக்கு வெள்ளை நடிகரைப் போட்டபோது அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை, தன் மறுப்பை வெளிப்படையாகக் கட்டுரையாகவே எழுதினார்.

சரி, முடிவுக்கு வருவோம். 1972இல் வந்த மூன்றாவது புத்தகத்தில் கெட் சாவின் உலகத்துக்குப் போய் அங்கே திறந்துகிடந்த ஓட்டையைத் தன் சக்தி முழுவதையும் செலவழித்து அடைக்கிறான். திரும்பும்போது அவன் மந்திரவாதியே இல்லை. டிராகன்மேல் ஏறி வீட்டுக்குப் போய்விட்டான் என்று கதை கம்பீரமாக முடிகிறது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே விட்டிருப்பார்கள். லெ குவின் பதினெட்டு வருடம் கழித்து, 1990இல், 'டெஹானு'வில் அந்த டிராகன் இறங்குகிற இடத்துக்கே திரும்பி வந்தார். இறங்கியவன் அரை உயிராகக் கிடக்கிறான். அவனைக் கவனித்துக்கொள்வது டெனார், இரண்டாவது புத்தகத்தின் சிறுமி, இப்போது பிள்ளைகளை வளர்த்து முடித்த ஒரு குடியானவனின் விதவை, கூடவே யாரோ தீயில் தள்ளிய ஒரு குழந்தை. முடிசூட்டு விழாவுக்கு அழைக்க ராஜாவின் ஆட்கள் வந்தால் உலகின் மிகப் பெரிய மந்திரவாதியாக இருந்தவன் அவமானத்தில் ஒளிந்துகொள்கிறான், மலைக்குப் போய் ஆடு மேய்க்கிறான். சின்ன வயதில் அவன் ஆடு மேய்த்தவன்தான். டெனாரின் வீட்டை இரவில் ஆட்கள் தாக்க வரும்போது அவன் கையில் இருப்பது மந்திரக்கோல் அல்ல, வைக்கோல் வாருகிற கவைக்கோல். கடலிலிருந்து திரும்பி வருகிற டெனாரின் மகன், சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்க மறுத்து அது பெண்கள் வேலை என்கிறான். டிராகன் வருகிற கதையில் அடுப்படிச் சண்டையா என்று அப்போது பல பழைய வாசகர்களுக்குக் கோபம். எனக்கு அந்தப் பக்கத்தில்தான் கதை முழுசாக நம்பும்படி ஆனது. மாயம் தீர்ந்த பிறகு இருக்கிற மிச்ச நாற்பது வருடத்தை ஒரு மனிதன் எப்படி வாழ்வான் என்று கேட்கிற தைரியம் மற்றவர்களுக்கு இல்லை, அதனால்தான் கதவைச் சாத்துகிறார்கள், ஞாபகத்தை அழிக்கிறார்கள், ரயிலைக் கவிழ்க்கிறார்கள். (அட்டையில் இதுதான் எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம் என்று போட்டார்கள். 2001இல் மேலும் இரண்டு வந்தன.)

டெர்ரி பிராட்செட் இந்தப் பிரச்சினையையே வைத்துக்கொள்ளவில்லை. அவருடைய டிஃப்பனி ஏக்கிங்குக்கு முதல் புத்தகத்தில் (2003) ஒன்பது வயது. ஆற்றிலிருந்து பல்லைக் காட்டிக்கொண்டு பூதம் வந்தால், தம்பியை மிட்டாய் கொடுத்துத் தூண்டிலாக உட்கார வைத்துவிட்டு வாணலியால் அதன் மண்டையில் போடுகிற பெண். தேவதை உலகத்துக்குப் போய்த் தம்பியையும் ஊர்ப் பிரபுவின் மகனையும் மீட்டு வருகிறாள், பெயர் முழுக்க அந்தப் பையனுக்குப் போகிறது, ஏனென்றால் அவன் பிரபுவின் மகன், வயதில் மூத்தவன். அவளைப் பார்க்க வந்த கிழச் சூனியக்காரி வெதர்வாக்ஸ் பாட்டி, இல்லாத தொப்பி ஒன்றைக் காற்றிலிருந்து எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டுப் போகிறாள். டிஃப்பனி மறுபடி பால்பண்ணைக்குப் போய் வெண்ணெய் கடைகிறாள். அடுத்தடுத்த புத்தகங்களில் அவளுடைய சூனிய வேலை பெரும்பாலும் என்ன என்றால், தனியாகக் கிடக்கிற கிழவர்களுக்குக் கால் நகம் வெட்டுவது, பிரசவம் பார்ப்பது, செத்தவர் பக்கத்தில் இரவு உட்கார்ந்திருப்பது. வீடு என்பது கதை முடிந்து திரும்புகிற இடமாக இல்லாமல் வேலை நடக்கிற இடமாகவே இருக்கும்போது, கதவைச் சாத்த வேண்டிய அவசியமே வரவில்லை. 2015இல், பிராட்செட் இறந்த பிறகு வந்த கடைசிப் புத்தகத்தில் வெதர்வாக்ஸ் பாட்டி சாகப் போகிறாள் என்று தெரிந்ததும் குடிசையைத் துடைத்து, கழிவறையைக் கழுவி, தனக்கான பிரம்புப் பெட்டியைத் தானே முடைந்துவிட்டுப் படுக்கிறாள். என் அம்மாவைப் பெற்ற பாட்டியைத் தெரிந்தவர்களுக்கு இதில் கற்பனை எதுவும் இல்லை.

அக்கா மகளுக்கு டிஃப்பனியின் முதல் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறேன். அதில் வருகிற நீலக் குள்ளர்கள் பேசுகிற கொச்சை ஆங்கிலம் புரியாமல் முதல் இரண்டு அத்தியாயம் தடுமாறினாள், இப்போது வீட்டில் எதற்கெடுத்தாலும் அவர்களைப் போலவே "க்ரிவன்ஸ்" என்று கத்துகிறாளாம், அக்கா என்னைத் திட்டுகிறாள். அது முடிந்ததும் எர்த்ஸீ முதல் மூன்றும் போகும். டெஹானுவை மட்டும் இப்போது கொடுக்கப் போவதில்லை, பன்னிரண்டு வயதில் படித்தால் நிச்சயமாகப் பிடிக்காது. என் அலமாரியில்தான் இருக்கும், எப்போது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும்.